கோட்டையின் கீழறை

அவருக்கு மெதுவாகப் பேச வராது. புதிதாக வருகிறவர்கள், பாவம், காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவர்களும் பதிலுக்குக் கத்துவார்கள். காதெல்லாம் நன்றாகவே கேட்கும். கீழே டிக்கெட் மேசையில் உட்கார்ந்து நான் வாய்க்குள் முனகியதைக்கூட மாடியிலிருந்து பிடித்துக்கொண்டு, "என்னா முணுமுணுப்பு அங்க?" என்று குரல் கொடுப்பார். தொண்டை அப்படி. கோபுரத்தின் மேல் நின்று அவர் விளக்கம் சொன்னால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங்கில் மீன் காயவைக்கிற சீனப் பெண்களுக்கும் கோட்டையின் சரித்திரம் தெரிந்துவிடும் என்று சொல்லிச் சிரிப்போம்.

ஊரில் பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவர் கோட்டை மாமாதான்.

கோட்டை என்றதும் குவாலா சிலாங்கூர் குன்றின் மேல் பீரங்கிகளோடு இருக்கிற பழைய கோட்டையை நினைக்க வேண்டாம். அது சுல்தான்கள் காலத்தது. இது ஊருக்கு வெளியே, அசாம் ஜாவா போகிற பக்கம், ரப்பர்த் தோட்டத்துத் துரை ஒருவர் தனக்காகக் கட்டிக்கொண்ட பங்களா. முதலில் கால்களின் மேல் நிற்கும் பலகை வீடாகத்தான் இருந்ததாம். ரப்பர் விலை ஏறியதும் முன்பக்கம் செங்கல்லில் அறைகள் எழும்பின. அப்புறம் துரை விடுப்பில் சீமைக்குப் போய், அங்கே யாருடைய கோட்டையையோ பார்த்துவிட்டு வந்து, வீட்டின் வலது பக்கத்தில் உயரமாக ஒரு கோபுரத்தை ஒட்டவைத்தார். மேலே பல் பல்லாக வெட்டிய கைப்பிடிச் சுவர், குறுகிய ஜன்னல்கள், வளைவு வைத்த வாசல். பலகை வீட்டுக்கும் அந்தக் கோபுரத்துக்கும் ஒட்டவே ஒட்டாது. கைலி கட்டியவன் தலையில் கிரீடம் வைத்த மாதிரி இருக்கும். இதுவும் மாமா சொன்னதுதான்.

ஜப்பான்காரன் காலத்தில் அதிகாரிகள் இருந்தார்கள். காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த காலத்தில் சிப்பாய்கள் இருந்தார்கள். பிறகு உர மூட்டை அடுக்கினார்கள். தோட்டம் கைமாறி, பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நட்ட பிறகு அந்தக் கட்டடம் யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் கமிட்டி அமைத்து அதைக் கேட்டு வாங்கி அருங்காட்சியகம் ஆக்கினார்கள். துரையின் தொப்பி, பால் வெட்டும் கத்திகள், பால் நிறுக்கும் தராசு, பழைய படங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு அங்கே டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. பள்ளி முடித்துவிட்டு ராவாங் தொழிற்சாலைக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயம். மாமா அப்போது பொதுப்பணி இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். பழுது பார்ப்பதற்கும் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதற்கும் கமிட்டி அவரைப் பிடித்துப் போட்டிருந்தது. பிடிக்காமல் விட்டிருந்தாலும் அவராகவே வந்து நின்றிருப்பார்.

வெள்ளை சிலுவார், வெள்ளைச் சட்டை. பையில் பேனா இருக்கிற இடத்தில் இரும்பு அளவு நாடா. எந்தச் சுவரைக் கடந்தாலும் விரல் முட்டியால் ஒரு தட்டு. கோயில், கல்யாண மண்டபம், சாப்பாட்டு ஒட்டுக்கடை, எங்கே போனாலும் தட்டுவார். "இது மணல் கூடிப்போச்சு," என்று சாப்பிடும்போது கடைக்காரரிடம் சொல்வார். கடைக்காரர் உணவில் மணல் என்று நினைத்துப் பதறிப்போவார். என் அக்காள் கல்யாணத்தில், முகூர்த்த நேரத்தில் மேளம் நின்ற ஒரு விநாடி இடைவெளியில், "இந்தத் தூண் ஆறு மாசத்துல விரிசல் வுடும்!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். என் அம்மா அதற்குப் பிறகு அவருடன் வெகுநாள் பேசவில்லை. தூண் விரிசல் விட்டது என்பது வேறு விஷயம்.

தெரிந்ததைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. நேரம், இடம், எதிரே இருப்பவர் முகம் எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. அது ஒரு வியாதி என்று என் அப்பா சொல்வார். எனக்கு அப்போது அது நேர்மையாகத் தெரிந்தது.

அவர் சுற்றிக் காட்டும்போது தவறாமல் வரும் ஒரு கட்டம் உண்டு. முன்வாசல் படிக்கட்டில் எல்லாரையும் நிறுத்திவைத்து, "இந்தத் தோட்டத்துல எத்தனையோ தமிழ்ப் புள்ளைங்க இருந்தாங்க. இந்தப் படியில கால் வெச்சவன் நான் ஒருத்தன்தான்!" என்பார். அவருடைய அப்பா அந்தத் தோட்டத்தில் மண்டோர். ஆட்களை வேலைக்கு விரட்டுகிற, துரைக்கு நேராகப் பதில் சொல்கிற பெரிய மண்டோர். "எங்கப்பா சொன்னா தொரையே மறுபேச்சு பேசமாட்டாரு. கோபுரத்துக் கீழ ராத்திரி காவலுக்கு ஒரு ஆள் இருப்பாரு. அவருக்கு எங்கப்பா என்கிட்டதான் தேத்தண்ணி குடுத்தனுப்புவாரு. எனாமல் மங்குல கொண்டாந்து கதவுக்கடியில வெச்சுத் தள்ளிட்டு ஓடிப்போயிடணும். காவக்காரர் கடமையில இருக்காரு, பேசக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. அந்த வயசுலேயே எனக்கு அந்த நம்பிக்கை குடுத்திருந்தாங்க."

பிறகு அந்தக் கீழறைக்கே கூட்டிப்போவார். கோபுரத்தின் அடியில், பக்கவாட்டில் தனி வாசல் வைத்த சின்ன அறை. கமிட்டி அதற்கு மது அறை என்று பலகை மாட்டியிருந்தது. அந்தப் பெயரும் மாமா யோசித்துக் கொடுத்ததுதான். "பாருங்க, சுவரு எவ்வளவு தடிப்பு! வெயில் உள்ள எறங்கக்கூடாது, போத்தல் கெட்டுடும். ஜன்னல எங்க வெச்சிருக்கான் பாருங்க, ஆள் எட்டாத ஒசரத்துல. தாப்பா வெளிப்பக்கம். வேலைக்காரன் எவனும் உள்ள பூந்துட்டு சாத்திக்கிட்டுக் குடிக்கக்கூடாதுல்ல!" எல்லாரும் சிரிப்பார்கள். தோட்டங்களிலிருந்து வருகிற வயதானவர்கள் மட்டும் சிரிக்கமாட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். களைத்துப்போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு பள்ளி விடுமுறையில், கோயில் திருவிழாவுக்கு ராவாங்கிலிருந்து வந்த பஸ் ஒன்று திரும்பும் வழியில் எங்கள் வாசலில் நின்றது. அதில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மெலிந்த உடம்பு, தோளில் துண்டு. டிக்கெட் வாங்கும்போதே உள்ளே வருவதா வேண்டாமா என்று தயங்கினார். பேத்திதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

கீழறைக்கு வந்ததும் கூட்டம் உள்ளே நுழைந்தது. அவர் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டார்.

"வாங்க பெரியவரே, உள்ள ஐஸ் மாரி இருக்கும்," என்று மாமா கூப்பிட்டார்.

"வேணாங்க. நான் பார்த்திருக்கேன்."

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. "பார்த்திருக்கீங்களா? இத எப்படிப் பார்த்திருப்பீங்க? அந்தக் காலத்துல தமிழாளு யாரையும் வேலிக்குள்ளயே வுடமாட்டான். என்னைத் தவிர யாரும் வந்ததில்ல!"

"சரிங்க. வந்ததில்லீங்க," என்றார் அவர் உடனே. விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிற குரல்.

மாமா விடவில்லை. எல்லார் எதிரிலும், சிரித்துக்கொண்டே, "இல்ல, சொல்லுங்க. எந்த வருசம்? என்ன வேலையா வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் அருகில் போனார். கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பெரியவர் பேத்தியை ஒருமுறை பார்த்தார். மாமாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்கும் குரலில் சொன்னார்:

"தம்பி, நீங்க தேத்தண்ணி கொண்டாந்து குடுத்த காவக்காரன் நான்தான்."

மாமா சிரித்தபடியே, "அப்படியா! நீங்கதான் காவலுக்கு இருந்தீங்களா? அட!" என்று கையைப் பிடித்தார். ஒரு கணம் மகிழ்ச்சியாகவே இருந்தார். பெரியவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அதே சமயம் அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தார். வெளிப்பக்கம் இருந்த தாழ்ப்பாள். மாமாவின் பார்வையும் அங்கே போனது. பிடித்திருந்த கை அப்படியே இறங்கியதை நான் பார்த்தேன்.

"சாவி உங்கப்பாகிட்டதான் இருக்கும்," என்றார் பெரியவர். அவ்வளவுதான். பேத்தியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். பேத்தி போகும் வழியெல்லாம், "தாத்தா, நீங்க கோட்டையில காவக்காரரா? நெசமாவா தாத்தா?" என்று குதித்துக்கொண்டே போனாள்.

அன்று பிற்பகல் முழுக்க மாமாவின் சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வீட்டிலிருந்து ஒரு மங்கு கொண்டு வந்தார். நீல விளிம்பு வைத்த பழைய எனாமல் மங்கு. என்னைக் கீழறை வாசலுக்குக் கூப்பிட்டு, தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "அடியில வெச்சுத் தள்ளு," என்றார். கதவுக்குக் கீழே பலகையை மேலேற்றி அறுத்திருந்தார்கள். வாசல் கல்லும் அந்த இடத்தில் சற்றே குழிந்திருந்தது. மங்கு எங்கும் இடிக்காமல் உள்ளே போயிற்று. வெகுநேரம் சத்தமில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"மாமா?"

"போதும். தெற."

நான் தாழ்ப்பாள் போடவே இல்லை. தள்ளியிருந்தால் திறந்திருக்கும்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். "போத்தல் வெக்கிற ரூமுக்குக் கதவுக்கடியில சந்து எதுக்கு? எலி வருமே. பாம்பு வருமே. காலம்பூரா கட்டடம் பார்த்தவன் நான். ஒரு சின்னப் பையன வேலைக்கு வெச்சிருந்தாலும் இத ஏன்டா இப்படி அறுத்தேன்னு கேட்டிருப்பேன். இத மட்டும் கேக்கல." உள்ளே கைகாட்டி, "ஜன்னல் பாத்தியா? கோபுரம் கட்டும்போது வெச்சது இல்ல அது. அப்புறமா அடைச்சு மேல ஏத்தியிருக்கான். கீழ பழைய ஜன்னலோட தடம் சாந்துல தெரியுது. தெனமும் தட்டுற சுவரு," என்றார்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். எண்ணெய் ஆலை வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் ஆச்சரியப்படவில்லை.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்லா."

"அப்புறம் ஏன் யாரும் சொல்லல?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "எப்படிச் சொல்றது? என்னைய நாய் மாரி கட்டி வெச்சாங்கன்னு எவன் புள்ளைகிட்டச் சொல்லுவான்? வெச்சவனுக்கு வெக்கமில்ல. இருந்தவனுக்குத்தான் வெக்கம். உன் தாத்தா அந்த ரூம்ல இருந்தாரா இல்லையான்னு எனக்கே தெரியாது. நான் கேட்டதில்ல. கேட்டுடக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை. தினமும் அந்தக் கீழறை வழியாகக் கூட்டத்தைச் சிரிக்கச் சிரிக்க அனுப்பிவைக்கிற மேசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வேலைக்குப் போகக் கால் வரவில்லை. போனேன்.

மாமா பேச ஆரம்பித்துவிட்டிருந்தார். மது அறைப் பலகையைத் தன் கையாலேயே கழற்றி எறிந்துவிட்டார். கமிட்டித் தலைவர் வந்து, "வர்றவங்க சந்தோசமா பார்த்துட்டுப் போகட்டும்யா, எதுக்கு இந்தக் கெட்ட கதை?" என்று கேட்டதற்கு, "இதுதான் இந்தக் கட்டடத்தோட சரித்திரம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் தலைவர் பின்வாங்கிக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லத்தான் வேண்டும் என்றே நினைத்தேன்.

தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழைய ஆட்களை விசாரித்தார். அந்தப் பெரியவர் யார், எதற்காக அடைத்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டு வந்தார். பால் கோப்பைகளில் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை எடுத்து ஒளித்து வைத்தார் என்று அவர் மேல் பழி சொல்லியிருக்கிறார்கள். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இதையெல்லாம் மாமா கீழறை வாசலில் நின்று சொல்லுவார். பெரியவரின் முழுப் பெயர், அவர் அப்பா பெயர், எந்த லயத்து வீட்டில் இருந்தார், ஒட்டுப்பால் திருடியதாக எப்படிப் பிடித்தார்கள், இருட்டில் எப்படி உட்கார்ந்திருந்தார். "அந்தக் கதவுக்கடியில தேத்தண்ணி தள்ளுனவன் நான்! இதோ இந்தக் கை!" என்று கையை உயர்த்துவார். அந்த இடத்தில் குரல் உடையும். கண்ணில் நீர் வரும்.

பொய்யான அழுகை இல்லை. ஆனால் தினமும் அதே சொல்லில்தான் குரல் உடைந்தது. டிக்கெட் மேசையில் இருந்துகொண்டே, இதோ அந்த இடம் வரப்போகிறது என்று எதிர்பார்க்கப் பழகிவிட்டேன். பழகிவிட்டதை உணர்ந்தபோது கூசியது. கூட்டம் அதிகமானது. சிலர் அந்த அறையை மட்டும் பார்க்க வந்தார்கள். போகும்போது மாமாவின் கையைக் குலுக்கி, "பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றார்கள். மாமா தலை குனிந்து அதை ஏற்றுக்கொள்வார். முன்பு படிக்கட்டில் நின்று பேசும்போது அவர் முகத்தில் இருந்த அதே வெளிச்சம் அந்தக் குனிந்த முகத்திலும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் கலைந்த பிறகு, மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். காலணியில் சிமெண்டுத் தூசி. டிக்கெட் வேண்டாம் என்றார்.

"இங்க எங்கப்பா பேர வெச்சுக் கதை சொல்றது யாரு?"

அந்தப் பெரியவரின் மகன். மாமா ஓடிவந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடிக்கப் போனார். அவர் கையைக் கொடுக்கவில்லை.

"என்கூட வேலை செய்யறவன் வந்து பார்த்துட்டுப் போயி, ஃபேக்டரி பூராவும் சொல்லிட்டான். உங்கப்பா ஒட்டுப்பால் திருடி உள்ள இருந்தாராமேன்னு என்னைக் கேக்கறான். நான் எங்கப்பாகிட்டப் போயி என்னன்னு கேக்கறது?"

"திருடுனாருன்னு நான் சொல்லல தம்பி. திருடுனதா பழி போட்டாங்கன்னுதான்..."

"நீங்க கத்துற கத்துல கடைசி வார்த்தை எவன் காதுல விழும்?" அவர் குரல் உயரவில்லை. மாமாவின் எதிரில் அப்படி மெதுவாகப் பேசி யாரையும் நான் பார்த்ததில்லை. "எங்கப்பா பேரு சொன்னீங்க. எங்க தாத்தா பேரு சொன்னீங்க. எந்த லயம்னு சொன்னீங்க. பூட்டுனவர் பேரு சொன்னீங்களா?"

மாமா வாயைத் திறந்தார்.

"அந்தக் கால மண்டோர் ஒருத்தர்னு சொல்றீங்களாம். யாரு அந்த ஒருத்தர்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். மது அறைக் காலத்தில் வாய்க்கு வாய் எங்கப்பா எங்கப்பா என்றவர், பலகையைக் கழற்றிய பிறகு அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மாமாவுக்கும் அது அந்தக் கணம்தான் தெரிந்தது என்றே நினைக்கிறேன். சுவரைத் தட்டுகிற அந்த விரல்களை மடக்கி மடக்கிப் பிரித்துக்கொண்டு நின்றார்.

"நான் வந்து உங்கப்பாவப் பார்க்கணும்," என்றார் கடைசியில்.

மகன் யோசித்தார். "வாங்க. ஆனா சத்தமா பேசாதீங்க. எங்க வீடுங்க எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு."

தனியாகப் போக மாமாவுக்குத் தைரியமில்லை. மனைவி காலமாகிவிட்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார், அப்பாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். பத்தாங் பெர்ஜுந்தாய் வழியாக ராவாங் போகிற பஸ்ஸில், இரண்டு பக்கமும் செம்பனை ஓட, மாமா உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறார். "எங்கப்பா செஞ்சதுக்கு, நான் அறியாம செஞ்சதுக்கு, அப்புறம் அறிஞ்சு செஞ்சதுக்கு," என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்.

வரிசை வீடுகளில் ஒன்று. கலர் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி தரையில் கவிழ்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சாய்வு நாற்காலியில் இருந்த பெரியவர் மாமாவை வாசலில் கண்டதும் படபடவென்று எழுந்தார். தோளில் இருந்த துண்டு இறங்கி அக்குளுக்குப் போயிற்று.

"வாங்க வாங்க. அம்மா, மண்டோரய்யா மவன் வந்திருக்காரு. நாக்காலியத் தொடைச்சுப் போடு. பசியாறிட்டீங்களா ஐயா?"

"நீங்க உக்காருங்க," என்றார் மாமா.

"இருக்கட்டுங்க. நீங்க உக்காருங்க."

மருமகள் துடைத்துப் போட்ட நாற்காலி நடுவில் இருந்தது. இரண்டு பேரும் நின்றார்கள். மாமா உட்காராமல் அவர் உட்காரமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மகன் சுவரோரமாக நின்றிருந்தார். அவருடைய தாடை இறுகுவதைப் பார்த்தேன்.

"அப்பா. உக்காருங்கப்பா. இது நம்ம வீடு."

பெரியவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார், வெள்ளை சிலுவாரோடு. "ஐயையோ, கீழ உக்காராதீங்க," என்று பெரியவர் மறுபடி எழப்போனார். மகன் அவர் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

மாமா ஆரம்பித்தார். "எங்கப்பா செஞ்சதுக்கு..."

"உங்கப்பா நல்ல மனுசன்," என்றார் பெரியவர் அவசரமாக. "தொரை சொன்ன நாளு வரைக்கும் வெக்கல. முன்னாடியே தெறந்து வுட்டுட்டாரு. வெளிய சொல்லாதேன்னாரு. தேத்தண்ணியும் குடுத்தனுப்புனாரு. அதெல்லாம் வேற எந்த மண்டோர் செய்வான்? நான் இன்னிக்கும் நன்றியாத்தான் நெனைச்சுக்குவேன்."

மாமாவுக்கு அதன் பிறகு மூன்றாகப் பிரித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. நான் டிவியைப் பார்த்தேன். மகனும் டிவியைப் பார்த்தார். அந்த அறையில் யாருடைய முகத்தையும் யாராலும் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால், கையை ஓங்கியிருந்தால் தேவலை என்று எனக்கே இருந்தது.

பேத்தி பென்சிலோடு எழுந்து வந்து மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், எங்க தாத்தா உங்க கோட்டையில காவக்காரரா இருந்தாருல்ல? நான் கிளாஸ்ல சொன்னேன். ஒருத்தன் பொய்னு சொல்றான்."

பெரியவர் மாமாவைப் பார்த்தார். கீழறை வாசலில், சரிங்க, வந்ததில்லீங்க என்ற குரலில் இருந்த அதே கெஞ்சல் அந்தப் பார்வையில் இருந்தது.

தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாத மனிதர் அவர்.

"ஆமாம்மா," என்றார் மாமா. அவருக்கு அப்படியொரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது. "உங்க தாத்தா இருந்தாரு. நான் பார்த்தேன். அந்தப் பையன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

அவள் தலையாட்டிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டாள். மருமகள் தேத்தண்ணி கொண்டு வந்தாள். மாமாவால் அதைக் குடிக்க முடியவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்து, ஆறிய பிறகு ஒரே மூச்சில் விழுங்கினார். வாசல் வரை வந்த மகன் கதவைச் சாத்தும் முன் மாமாவின் கையை ஒரு முறை தொட்டார்.

திரும்பும் பஸ்ஸில் மாமா உதட்டை அசைக்கவில்லை. குவாலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும், "அந்த ரூமப் பூட்டிப்புடலாமா?" என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றே சொன்னேன்.

பூட்டவில்லை. அந்த வாரமே ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளும் ஆசிரியர்களும் வந்தார்கள். படிக்கட்டில் அவர்களை நிறுத்தாமல் நேராகக் கூட்டிப்போனார். பழைய பலகை வீடு, செங்கல் அறைகள், கோபுரம், எல்லாவற்றையும் சொன்னார். கீழறை வாசலுக்கு வந்ததும் நின்றார். நான் மேசையை விட்டு எழுந்து போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றேன்.

"இந்த ரூம்ல ஆளுங்கள அடைச்சு வெச்சாங்க. ஜன்னல மேல ஏத்துனது அதுக்குத்தான். கதவ அடியில அறுத்தது அதுக்குத்தான். சாவி மண்டோர்கிட்ட இருந்துச்சு." பெயரைச் சொன்னார். முழுப் பெயர், ஊர்ப் பெயரோடு. "அவரு எங்கப்பா."

கையை உயர்த்தவில்லை. குரல் உடையவில்லை. முகம் மட்டும் காதுவரை சிவந்திருந்தது. பிள்ளைகள் அந்த முகத்தையே பார்த்தார்கள். ஆசிரியை ஒருவர் குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்:

"யார அடைச்சாங்க சார்? பேரு தெரியுமா?"

"தெரியும்," என்றார் மாமா.

ஆசிரியை காத்திருந்தார். பிள்ளைகளும் காத்திருந்தார்கள். மாமா கதவை மெல்லச் சாத்தினார், தாழ்ப்பாளைத் தொடாமல்.

"அடுத்த ரூமுக்கு வாங்க."